ஒரு பக்கம்தான் எரியுது

அத்தியாயம் 11

சுந்தரேசன் மருத்துவமனையில் படுத்த பிறகு வந்த இரண்டாவது ஞாயிறு அது.

செடி நர்சரிக்கு சைக்கிளில் வந்துகொண்டிருந்தவனை, விடியுமுன் கொட்டிய மழையில், ஏதோ ஒரு வண்டி இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனதும், அவனுடைய முதலாளி ரத்னவேல் அன்றிலிருந்து சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவதும் இந்தக் குடும்பத்தை வாராவாரம் பார்த்து வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் உள்ளே வருகிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொன்னால் போதும். இடித்தது யார் என்று போலீஸுக்கும் இதுவரை தெரியவில்லை.

ரத்னவேல் தன் பிக்கப் வண்டிக்கு ஃபாக் லைட் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது அதனால்தான்.

"மழை பேஞ்சா லிம் சூ காங் பக்கம் ரோடே தெரியலமா. இடிச்சவன் வண்டியில கீழ நல்ல லைட்டு இருந்திருந்தா சுந்தரேசனப் பாத்திருப்பான். நம்ம வண்டியால யாருக்கும் அப்படி ஆயிடக்கூடாது" என்று மகளிடம் சொன்னார்.

மகள் ரோஷினிக்கு அதுதான் தொழில். தோ பாயோ தொழிற்பேட்டையில் ஒலி முகம்மதுவின் பட்டறையில் வாகன எலக்ட்ரீஷியன். ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருக்கும். முதலாளி சாவியைக் கொடுத்து, "அப்பா வண்டிதானே, எடுத்துக்க" என்று சொல்லியிருந்தார். வண்டிப் பரிசோதனையில் தகராறு வராத விளக்குகளாக அவளே பார்த்து வாங்கி வைத்திருந்தாள்.

காலையில் புக்கிட் பாஞ்சாங் வீட்டிலிருந்து அப்பாதான் ஓட்டிக்கொண்டு வந்தார். ரோஷினி பக்கத்தில் உட்கார்ந்து போனில் ரிலேயின் படத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வழியில் இரண்டு தடவை பின்னாலிருந்து யாரோ ஹார்ன் அடித்தார்கள். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பட்டறையில் வண்டியைச் சுவரைப் பார்க்க நிறுத்தினார்கள். ரோஷினி பேட்டரியின் மைனஸைக் கழற்றினாள். ரிலேயை பேட்டரிக்குப் பக்கத்தில் திருகினாள். பிறகு விளக்கு உட்காருவதற்கு இடம் பார்க்க, பம்பரின் இடது முனைக்கு வந்தாள்.

அந்த முனை நசுங்கியிருந்தது. நீளமாக ஒரு கீறலும் இருந்தது.

"இது என்னப்பா?"

"மழையில ஏதோ கிளை விழுந்து கெடந்திருக்கு. டொப்புன்னு ஒரு சத்தம். நர்சரிக்குப் போய்ப் பாத்தாத்தான் தெரியுது" என்றார் ரத்னவேல். அவர் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து, சுந்தரேசனுக்குக் கொண்டுபோக வேண்டிய துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

அவள் கிளிப்புகளைக் கழற்றி பம்பரின் முனையை இழுத்தாள். உள்ளிருந்து ஏதோ ஒன்று தரையில் விழுந்து அவள் காலணியில் முட்டி நின்றது.

சிவப்புப் பிளாஸ்டிக். பாதி உடைந்த ஒரு சைக்கிள் பின்விளக்கு. அதன் கழுத்தில் பச்சையில் மஞ்சள் கோடு போட்ட வயர் சுற்றியிருந்தது.

ரோஷினி குனிந்து அதைக் கையில் எடுத்தாள். எடுத்த பிறகு நிமிர முடியவில்லை.

அந்த வயரை அவள்தான் சுற்றினாள். தீபாவளிக்கு முந்தைய வாரம் சுந்தரேசன் தன் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, "தங்கச்சி, இந்த லைட்டு நிக்க மாட்டேங்குது" என்று சொன்னபோது, கவ்வி பெரிதாக இருக்கிறதென்று மிச்சமிருந்த எர்த் வயரை எடுத்து இறுக்கிக் கட்டி, முனை அவன் கால்சட்டையைக் கிழித்துவிடக் கூடாதென்று உள்பக்கம் மடக்கி விட்டிருந்தாள். அந்த மடிப்பு அப்படியே இருந்தது.

"என்னம்மா, உள்ள ஏதாச்சும் ஒடஞ்சிருக்கா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. ஒரு கிளிப்பு."

அதை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அவள் குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

கைகள் தாமாக வேலை செய்தன. பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக ரிலேக்கு ஒரு வயர். ரிலேயிலிருந்து இரண்டு விளக்குக்கும் ஒரு கிளை. எர்த்துக்காகத் தகட்டின் பெயிண்டைச் சுரண்டும்போது, சுரண்டுவது நின்றால் அழுதுவிடுவோம் என்று தோன்ற, தேவைக்கு மேல் சுரண்டினாள்.

அப்பாதான் இடித்திருக்கிறார். இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறார். போய் நர்சரியில் டீ குடித்துக்கொண்டு, "இவன் ஏன் இன்னும் வரல" என்று போன் பண்ணியிருக்கிறார். அந்தப் போனை மழையில் நின்ற ஓர் ஆம்புலன்ஸ்காரர் எடுத்தார்.

"அந்த இடத்துல போலீஸ் போர்டு வெச்சிருக்காங்க, பாத்தியா?" ரத்னவேல் பேசிக்கொண்டிருந்தார். "பாத்தவங்க வந்து சொல்லுங்கன்னு. ஒருத்தன் வாயத் தொறக்கல. மனுஷனாம்மா அவன்? ஒருத்தன் மழையில கெடக்கிறான். எறங்கிப் பாக்கக்கூட தோணலியே."

ரோஷினி அப்போது ஓட்டுநர் பக்கம் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்துப் படுத்திருந்தாள். சுவிட்சுக்குப் போகும் வயரை எஞ்சின் பக்கத்திலிருந்து ரப்பர் வளையம் வழியாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். வாயில் டார்ச். பதில் சொல்லத் தேவையில்லாமல் போனது நல்லதாயிற்று.

அவர் நடிக்கிறாரா? இருபத்தேழு வருஷமாக அவளுக்குத் தெரிந்த மனிதர். காண்டோ அடுக்குமாடித் தோட்டத்தில் பறவைக் கூடு இருந்தால் அந்த மரத்தை மட்டும் வெட்டாமல் விட்டுவிட்டு மேனேஜரிடம் திட்டு வாங்குகிறவர். அவரால் இப்படி நடிக்க முடியுமா? தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய், வலது கை ஒடிந்தவனுக்கு ரசம் சாதம் பிசைந்து ஊட்ட முடியுமா?

முடியும் என்றால் இனி யாரை நம்புவது?

சுவிட்சை டேஷ்போர்டில் பொருத்தினாள். பேட்டரியை மறுபடி மாட்டினாள். விளக்கு நன்றாகத் தெரியட்டும் என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். ரத்னவேல் வண்டிக்கு முன்னால், சுவருக்கும் வண்டிக்கும் நடுவே போய் நின்றார். குழந்தையைப் போல ஆவலாக நின்றார்.

சுவிட்சை அழுத்தினாள். ரிலே டிக்கென்றது. எதிர்ச் சுவர் மஞ்சளாயிற்று.

"ஒரு பக்கம்தான் எரியுதுமா" என்றார் அப்பா.

"எந்தப் பக்கம் எரியல?"

"டிரைவர் பக்கம்."

இறங்கி முன்னால் வந்து பார்த்தாள். இரண்டும் எரிந்தன.

"எரியுதேப்பா."

"இல்லியே." அவர் தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினார். "ஆ, இப்ப எரியுது. இரு, மறுபடி போயிடுச்சு. லூஸ் கனெக்ஷன்மா. நல்லா அழுத்திப் பாரு."

ரோஷினி உட்கார்ந்து இணைப்பை அழுத்தினாள். இழுத்துப் பார்த்தாள். மீட்டரை வைத்துப் பார்த்தாள். முள்ளைப் போல ஆடிக்கொண்டிருந்த அவள் மனதுக்கு மாறாக மீட்டரில் எண் அசையாமல் நின்றது. பின்னால் அப்பா, "எரியுது… போச்சு… எரியுது" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். விளக்கு ஒரு தடவைகூட அணையவில்லை.

ஷட்டருக்குக் கீழே குனிந்து ஒலி முகம்மது வந்தார். கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய மூன்று தே, சூடான பால் தேநீர்.

"பாய், டிரைவர் பக்கம் லைட்டு விட்டு விட்டு எரியுது, பாருங்க" என்றார் ரத்னவேல்.

ஒலி முகம்மது பார்த்தார். "ரெண்டும் நல்லாத்தான்லா எரியுது, அண்ணே."

ரத்னவேல் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "ஆமா, இப்ப எரியுது" என்றார்.

ரோஷினி மீட்டரைக் கீழே வைத்தாள். அவள் விளக்கைப் பார்க்கவில்லை. அப்பாவின் தலையைப் பார்த்தாள். தலை இடப்பக்கம் திரும்பினால் அவருக்கு விளக்கு எரிந்தது. நேராக வந்தால் அணைந்தது.

பக்கத்தில் கிடந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவருக்கு இடப்பக்கம் போய் நின்றாள். அவர் முகத்துக்குப் பக்கவாட்டில், ஒரு முழம் தள்ளி, ஸ்பேனரை உயர்த்தினாள். கண் இமைக்கவில்லை. மெல்ல ஆட்டினாள். ஒன்றும் இல்லை. முன்னால் நகர்த்திக்கொண்டே போனாள். மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் திடுக்கிட்டுப் பின்வாங்கினார்.

"என்னம்மா, எங்கேருந்து வந்தே நீ? மூஞ்சிக்கு நேரா ஸ்பேனர நீட்டிக்கிட்டு?"

வண்டியைப் பார்த்து நின்றால் அவருக்கு இடப்பக்கம் ஓட்டுநர் பக்க விளக்கு. வண்டியில் ஏறி உட்கார்ந்தால் இடப்பக்கம் சாலையின் ஓரம். சைக்கிள்காரர்கள் போகும் ஓரம்.

ரோஷினி வண்டியின் மேல் கை ஊன்றிக்கொண்டாள். அவர் நடிக்கவில்லை. அவருக்குத் தெரியாது. சுந்தரேசனை இடித்தது தெரியாது. தனக்கு ஒரு பக்க உலகமே இல்லை என்பதும் தெரியாது. தெரியாமல் இன்று காலைகூட அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து எக்ஸ்பிரஸ்வேயில் ஓட்டி வந்திருக்கிறார்.

ஒலி முகம்மது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். தேயை அவள் கையில் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, "இனிமே வண்டிய நீ ஓட்டு. அவர்கிட்ட சாவியக் கொடுக்காதே" என்று மட்டும் சொன்னார். பம்பருக்குள் கிடைத்ததைப் பற்றி அவருக்குத் தெரியாது.

"அப்பா, நான் ஓட்டறேன். ஓடும்போது லைட்டு எப்படி இருக்குன்னு செக் பண்ணணும்."

ரத்னவேல் மறுப்பே சொல்லாமல் சாவியைக் கொடுத்தார். "நல்லா போட்டிருக்கே" என்று விளக்கை ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டு ஏறினார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவில் நின்றார்கள். அம்மா ரஞ்சிதம் அங்கே ஒரு துணிக்கடை மாடியில் ரவிக்கை தைக்கிறாள். ஞாயிறு என்றாலும் விடுப்பு கிடையாது, அன்றுதான் கூட்டம் அதிகம். சுந்தரேசனுக்கான சாப்பாட்டை விடிகாலையிலேயே சமைத்துக் கையோடு எடுத்து வந்திருந்தாள்.

வண்டியை நிறுத்திவிட்டு பஃபலோ ரோடு வழியாக நடந்தார்கள். நடைபாதை முழுக்க ஞாயிறு விடுமுறையைக் கழிக்க வந்த வெளிநாட்டு ஊழியர்கள். ஊருக்குப் போன் பேசுகிறவர்கள், காய்கறி பேரம் பேசுகிறவர்கள், சும்மா நிற்கிறவர்கள். ரோஷினி வேண்டுமென்றே இரண்டடி பின்னால் வந்தாள்.

அப்பாவின் இடது தோள் ஒருவன் மேல் இடித்தது. "சாரி தம்பி." சற்று நடந்ததும் ஓர் அம்மாள் கையிலிருந்த வாழையிலைக் கட்டில் இடித்தது. "சாரிம்மா." மாம்பழக் கூடை ஒன்றை அவர் கால் தட்டிவிட, கடைக்காரர் முறைத்தார். ஒவ்வொரு தடவையும் அப்பா திடுக்கிட்டார். அந்த ஆட்களெல்லாம் தரையிலிருந்து முளைத்து வந்ததைப் போல.

எத்தனை நாளாக இப்படி? ஞாயிற்றுக்கிழமைதோறும் இதே தெருவில் அவரோடு நடந்திருக்கிறாள். கூட்டம் என்றுதான் நினைத்திருக்கிறாள்.

ரஞ்சிதம் கழுத்தில் அளவு நாடாவோடு படியிறங்கி வந்தாள். "ரசத்துல மிளகு கம்மியா போட்டிருக்கேன். போன தடவ அந்தத் தம்பி காரம்னு சொன்னிச்சாமே. ஊட்டும்போது தலையணைய கொஞ்சம் தூக்கிக்குங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, மகளைப் பார்த்தாள். "உன் முகம் ஏன் இப்படி இருக்கு?"

"பசிம்மா."

"பரோட்டா வாங்கித் தரவா?"

"வேணாம். வந்து சாப்பிடறேன்."

வண்டி வரைக்கும் அம்மா கூடவே வந்தாள். சாலையைக் கடக்கும்போது வழக்கம்போல அப்பாவுக்கு இடப்பக்கம் வந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

சுந்தரேசன் இருந்த வார்டில் ஆறு கட்டில்கள். அவனுடையது ஜன்னல் ஓரம். இடது கால் தொடைவரை கட்டுப் போட்டு உயரத்தில் தொங்கியது. பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரன். முப்பத்தைந்து வயதிருக்கும், மனைவியும் ஒரு பெண் குழந்தையும் ஊரில். மூன்று வருஷமாக ரத்னவேலிடம் வேலை.

"அண்ணே, தெனம் வர வேணாம்னு சொன்னேன்ல" என்றான்.

"சும்மா இரு. வெந்நீர் இருக்கா?" ரத்னவேல் பிளாஸ்கை ஆட்டிப் பார்த்தார். காலி. "இரு, பிடிச்சிட்டு வர்றேன்." பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போகும்போது பக்கத்துக் கட்டிலின் முனையில் இடித்துக்கொண்டார்.

ரோஷினி திரைச்சீலையை இழுத்து மூடினாள். மேலங்கிப் பையிலிருந்து உடைந்த பின்விளக்கை எடுத்து அவன் போர்வை மேல் வைத்தாள்.

சுந்தரேசன் அதைப் பார்த்தான். ஆச்சரியப்படவில்லை. அவள் எதிர்பார்த்து வந்த எதுவும் அந்த முகத்தில் இல்லை. களைத்துப்போய் கண்ணை மூடித் திறந்தான்.

"எங்க இருந்திச்சு?"

"அப்பா வண்டி பம்பருக்குள்ள. அண்ணே, உங்களுக்குத் தெரியுமா?"

அவன் இடது கை விரலால் அந்த வயரின் மடிப்பைத் தடவினான்.

"தெனம் நான்தானே தங்கச்சி அந்த வண்டியக் கழுவறேன். பின்கதவு சங்கிலி ஆடற சத்தம் எனக்குத் தெரியாதா? விழுந்து கெடக்கும்போது நம்பரயும் பாத்தேன்."

"போலீஸ்கிட்ட ஒண்ணும் தெரியலன்னு சொன்னீங்களாமே."

"சொன்னேன்."

"ஏன்?"

"மொதல்ல கோவந்தான். கைய ஊனி எந்திரிக்கப் பாக்கறேன், முடியல. அண்ணே, அண்ணேன்னு கத்தறேன். வண்டி போயிக்கிட்டே இருக்கு. வாயெல்லாம் தண்ணி. செத்துருவேன்னு நெனச்சேன், தங்கச்சி. எம்பொண்ணு மூஞ்சிதான் வந்திச்சு." அவன் குரல் ஒரே சீராக இருந்தது. "ஆபரேஷன் முடிஞ்சு முழிச்சுப் பாத்தா, இவரு பக்கத்துல ஒக்காந்து என் கையப் புடிச்சிக்கிட்டு அழுவறாரு. எவன்டா ஒன்ன இப்படி பண்ணான்னு கேக்கறாரு. எனக்கு அப்படியே அறையணும்போல இருந்திச்சு."

ரோஷினி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு நாளு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் படுத்திருந்தேன். அப்பவும் வந்தாரு. அப்பறம் ஒரு நாளு, பேசப் புடிக்காம, அவரு எடது பக்கமா கைய மட்டும் நீட்டி தண்ணி கேட்டேன். அவருக்குத் தெரியவே இல்ல. நான் கை நீட்டினது தெரியல. சுவத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காரு. அப்பத்தான் ஒறச்சிச்சு. இவரு நிக்காமப் போகல, இவருக்கு நான் ரோட்டுல இருந்ததே தெரியலன்னு." அவன் மூச்சு வாங்கினான். "இதைச் சொன்னா அந்த மனுஷன் தாங்க மாட்டாரு. அதான் சொல்லல. ஆனா மறுபடி ஓட்டறாரேன்னு ஒவ்வொரு நாளும் பயந்துக்கிட்டுத்தான் படுத்திருக்கேன். யார்கிட்ட சொல்றது?"

ரோஷினி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் திரைச்சீலை அசைந்தது.

ரத்னவேல் நின்றுகொண்டிருந்தார். பிளாஸ்கின் மூடி திறந்திருந்தது. வெந்நீர் அவர் கை மேல் வழிந்து தரையில் சொட்டியது. அவர் அதை உணரவில்லை. எப்போதிலிருந்து நிற்கிறார் என்று தெரியவில்லை. ஆனால் கேட்டிருந்தார்.

"அப்பா, கை." ரோஷினி ஓடிப்போய் பிளாஸ்கை வாங்கினாள்.

அவர் கட்டிலைப் பார்த்தார். போர்வை மேல் இருந்த சிவப்புத் துண்டைப் பார்த்தார்.

"கிளைன்னு நெனச்சேன்" என்றார்.

ரோஷினி பிளாஸ்கை மேசை மேல் வைத்தாள்.

"மழைக்குக் கிளை விழுந்து கெடக்கும்ல அந்த ரோட்டுல. கிளைன்னுதான் நெனச்சேன், சுந்தரேசா."

"தெரியும்ணே."

"கூப்பிட்டியா நீ?"

சுந்தரேசன் ரோஷினியைப் பார்த்தான். பொய் சொல்லட்டுமா என்று கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. பிறகு, "கூப்பிட்டேண்ணே" என்றான்.

"நான் ரேடியோ போட்டிருந்தேன்."

அதைச் சொல்லிவிட்டு ரத்னவேல் நாற்காலியைத் தேடினார். அது அவருக்கு இடப்பக்கம்தான் இருந்தது. கை காற்றில் துழாவியது. ரோஷினி நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் வைத்தாள். உட்கார்ந்தார். முகத்தில் அழுகை இல்லை. ஒன்றுமே இல்லை. வீட்டுக்குள் இருந்த சாமான்களை யாரோ அள்ளிக்கொண்டு போனபின் வாசலில் நிற்கிறவரின் முகமாக இருந்தது.

"அண்ணே, இது நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும்" என்றான் சுந்தரேசன். "வண்டிய மட்டும் ஓட்டாதீங்க. அது போதும் எனக்கு."

ரத்னவேல் தலையை ஆட்டினார். இல்லை என்று ஆட்டினார்.

"உன்னைப் பாக்கறதுக்கு தெனம் வந்தேன். வர்ற வழியெல்லாம் அவன் நாசமாப் போகணும்னு சாபம் விட்டுக்கிட்டே வந்தேன்." சற்று நிறுத்தினார். "என்னால இங்க உக்காந்து உனக்குச் சோறு ஊட்ட முடியாதுப்பா. போலீஸ்ல போய்ச் சொல்லிட்டு வந்தாத்தான் முடியும்."

"என்ன ஆகும்னு தெரியுமாண்ணே?"

"தெரியல. ஆகட்டும்."

ரோஷினி சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து, செவிலியரிடம் கொடுத்து, அவனுக்கு ஊட்டச் சொன்னாள். கிளம்பும்போது ரத்னவேல் சுந்தரேசனின் தலைமாட்டில் நின்றார். தலையைத் தொடப் போனவர் தொடவில்லை. கையை இழுத்துக்கொண்டு நடந்தார். சுந்தரேசன் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணோரத்தில் நீர் இறங்கியது. அது இரக்கமா, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த கோபமா என்று அவனுக்கே தெரிந்திருக்குமா?

கீழ்த்தளத்து கார் நிறுத்தத்தில் ரத்னவேல் தாமாகவே ஓட்டுநர் பக்கத்தை விட்டுச் சுற்றிப்போய் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறினார். பத்து வருஷத்துக்கு மேல் அவர் ஓட்டிய வண்டி. பெல்ட்டைப் போட அவருக்குப் பிடி கிடைக்கவில்லை. ரோஷினி குனிந்து போட்டுவிட்டாள்.

"எனக்கு ஏம்மா தெரியாமப் போச்சு?" என்றார். "அவ்வளவு பெரிய ஆளு. சைக்கிள்ல லைட்டு வேற. எப்படித் தெரியாமப் போகும்?"

இனி மறைப்பதில் பொருளில்லை.

"அப்பா, காலைல ரெண்டு லைட்டும் எரிஞ்சிச்சு. ஒரு தடவகூட அணையல."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். புரிய நேரமாயிற்று. புரிந்ததும் மெல்லத் தன் இடது கையை எடுத்து, முகத்துக்குப் பக்கவாட்டில் நீட்டி, விரல்களை அசைத்தார். நேராகப் பார்த்தபடியே அசைத்தார். கை மடியில் விழுந்தது.

"விரலு இல்ல" என்றார்.

ரோஷினி அவர் வெந்நீர் பட்ட கையைப் பிடித்தாள். சிவந்து கொப்புளம் கிளம்பியிருந்தது. இதையாவது உள்ளே போய்க் காட்டிவிட்டு வரலாம் என்றாள். அவர் வேண்டாம் என்றார்.

"மொதல்ல ஸ்டேஷன். அப்பறம் எல்லாம்." பிறகு, "அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிடு. என்னால அவகிட்ட சொல்ல முடியாது. அவளுக்கு ஒண்ணும் தெரியாது, பாவம். மெதுவா சொல்லு."

ரோஷினி போன் பண்ணினாள். பின்னணியில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"சொல்லு. அந்தத் தம்பி சாப்பிட்டிச்சா?" என்றாள் ரஞ்சிதம்.

"அம்மா, உக்காந்திருக்கியா? நானும் அப்பாவும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறோம்." எப்படிச் சொன்னாலும் ஒன்றுதான் என்று தோன்றியது. "சுந்தரேசன் அண்ணன இடிச்சது நம்ம வண்டிதான்மா. அப்பாதான் ஓட்டியிருக்காரு. அவருக்குத் தெரியாமலே நடந்திருக்கு."

மெஷின் நின்றது.

அழுவாள், கத்துவாள், இருக்கவே இருக்காது என்பாள் என்று ரோஷினி காத்திருந்தாள். மறுமுனையில் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அந்த அறையிலிருந்து வெளியே போவதுபோல, செருப்பு உரசும் ஓசை. ஒரு கதவு மூடியது.

பிறகு ரஞ்சிதம் மிகத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அப்பா கண்ணு விஷயமா எனக்குப் போன் பண்ண மாதிரி, ஆஸ்பத்திரிலேருந்து உனக்கும் பண்ணிட்டாங்களா?"

ரோஷினி கண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

"என்னம்மா சொல்றா?" என்று பக்கத்திலிருந்து அப்பா கேட்டார். "ரொம்ப அழறாளா?"